ஸ்டெத்து கைவைத்த ஹீட்டர்

அவளுடைய கணவனின் அண்ணனுக்கு ஊர் வைத்த பெயர் ஸ்டெத்து. டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைப்பதுபோல ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜின் மேல் ஊன்றுவார், பிடியைக் காதில் அழுத்துவார், கண்ணை மூடுவார். திறக்கும்போது நோய் இன்னதென்று சொல்லிவிடுவார். முப்பது வருடம் குடிநீர் நிலையத்தில் பம்பு பார்த்து ஓய்வு பெற்றவர். தண்ணீர் ஓடுகிற எதுவும் தன் சொல்லுக்குக் கட்டுப்பட்டது என்பது அவர் எண்ணம். லாரி இன்ஜினிலும் தண்ணீர் ஓடுகிறது என்று யாரோ அவருக்குச் சொல்லித் தொலைத்திருந்தார்கள். அவர் வைத்தியத்தில் வண்டி பிழைத்தால் கைராசி. படுத்துவிட்டால் வண்டியின் தலையெழுத்து.

அவருடைய தம்பி இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. லாரியை இப்போது தம்பி மனைவி ஓட்டினாள். சலவைக்கூடத்தில் துவைத்த விரிப்புகளை மேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த மருத்துவமனையில் இறக்கிவிட்டு, அழுக்கை ஏற்றிக்கொண்டு வருவது வேலை. லாரிக்கு இருபத்திரண்டு வயது. குளிர் தொடங்கியதும் அதன் ஹீட்டர் பல்லைக் காட்டியது. விசிறி மட்டும் வாய் ஓயாமல் இரைந்தது. வந்த காற்று ஆறின கஷாயம் போல இருந்தது. மேடு ஏறும்போது கொஞ்சம் வெதுவெதுப்பு, இறங்கும்போது அதுவும் இல்லை. முன்கண்ணாடியின் உட்புறம் புகை படிந்ததுபோல மங்கிவிடும். ஒரு கையில் ஸ்டியரிங், இன்னொரு கையில் துணி. பின்னால் நானூறு விரிப்புகள் இஸ்திரிச் சூடு ஆறாமல் சொகுசாகப் பயணம் செய்ய, முன்னால் ஓட்டுகிறவள் பல் தந்தியடிக்கப் போனாள்.

நின்று நின்று துடைத்ததில் மூன்று நாள் மருத்துவமனைக்குப் போய்ச்சேரத் தாமதமாகிவிட்டது. சலவைக்கூடத்து மேற்பார்வையாளரம்மா நல்ல மனுஷிதான், ஆனால் வேலையில் கறார். திங்கட்கிழமை காலையில் தானே வந்து கண்ணாடியைப் பார்ப்பதாகவும், தெளிவாக இல்லையென்றால் வேறு வண்டிக்குச் சொல்லிவிடுவதாகவும் சொல்லிவிட்டார். அந்த வேறு வண்டி எது என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஸ்டெத்துவின் மருமகன் புதிதாக ஒன்று வாங்கி, வேலை இல்லாமல் தினமும் கழுவிக்கொண்டிருந்தான்.

ஸ்டெத்து கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்தால் கதவைச் சாத்தியிருக்கலாம். தம்பி போனபின் பொறுப்பு தன் தலையில் விழுந்துவிட்டதாக நினைத்து, யாரும் கூப்பிடாமலே வந்து நின்றார்.

வெள்ளிக்கிழமை கேபினுக்குள் குனிந்து காது வைத்துக் கேட்டவர், ஹீட்டருக்குள் இருக்கிற குழாயில் அடைப்பு என்றார். தோட்டத்துத் தண்ணீரை அதற்குள் பாய்ச்சினார். போன தண்ணீர் போனபடியே சுத்தமாக வெளியே வந்தது. சனிக்கிழமை நோய் மாறியது. குழாயில் காற்று புகுந்துவிட்டதாம். லாரியைச் சரிவில் முகம் மேலே தூக்கி நிற்கவைத்து, ரேடியேட்டர் மூடியைத் திறந்து, குழந்தைக்கு ஏப்பம் எடுப்பதுபோல ஹோஸ்களைத் தட்டித் தடவிக் கொடுத்தார். லாரி மரியாதையாக இரண்டு ஏப்பம் விட்டது. ஹீட்டர் அப்படியே இருந்தது. சாயங்காலம் கடைசித் தீர்ப்பு வந்தது.

"வயசாயிடுச்சும்மா. மனுஷனுக்கே போகப் போக ரத்தத்துல சூடு கொறையுது. இரும்பு என்ன பண்ணும்? மாப்பிள்ளை ஓட்டட்டும். ஒனக்கு எதுக்கு இந்தப் பாடு?"

அவள் யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பினாள். அந்த வேலை போனால் அவளிடம் மிஞ்சுவது ஒரு குளிர்ந்த லாரியும், பெரியத்தான் வீட்டு உபதேசமும்தான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் டேஷ்போர்டு அறையிலிருந்து வண்டியோடு வந்த கையேட்டை எடுத்தாள். இருபத்திரண்டு வருடமாக உறை பிரிக்காமல் கிடந்தது. புத்தகத்தைப் பார்த்து ரிப்பேர் செய்வது, தெரியாதென்று ஊருக்கு முரசடிப்பதற்குச் சமம் என்பது அந்தக் குடும்பத்து ஆண்களின் கொள்கை. அவளுக்கு அதில் மானம் போக எதுவும் இல்லை. ஹீட்டர் பக்கத்தை இரண்டு முறை படித்தாள்.

முதலில் சூடு காட்டும் முள்ளைப் பார்க்கச் சொன்னது புத்தகம். இன்ஜின் ஓடினால் முள் நடுவில் நிற்கவேண்டும். இந்த லாரியின் முள் கால்பங்கைத் தாண்டி அவள் பார்த்ததே இல்லை. அது பொய் சொல்லும் முள் என்று ஸ்டெத்து எப்போதோ சொல்லியிருந்ததால் யாரும் அதை மதிப்பதில்லை. அடுத்து, ஹீட்டருக்குப் போகிற ஹோஸையும் வருகிற ஹோஸையும் தொட்டுப் பார்த்தாள். அடைப்பு என்றால் ஒன்று சுட்டு, மற்றது ஆறியிருக்கவேண்டும். இரண்டும் ஒரே மாதிரி வெதுவெதுத்தன. ஹீட்டர் மேல் குற்றமே இல்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? இன்ஜினே சூடாகவில்லை.

இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் தெர்மோஸ்டாட் என்று ஒரு சின்னக் கதவு உண்டு. தண்ணீர் நன்றாகச் சூடாகும்வரை அது மூடியே இருக்கும், இல்லாவிட்டால் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போய் ஆறிக்கொண்டே இருக்கும் என்றது புத்தகம். அதுவரை ரேடியேட்டரின் மேல் ஹோஸ் ஆறியே இருக்கவேண்டும். இங்கே கிளப்பிய இரண்டாம் நிமிஷமே அது வெதுவெதுக்கத் தொடங்கியது. கதவு திறந்தபடி சிக்கிக்கொண்டது என்று முடிவு செய்தாள். இன்ஜின் ஆறியபின், கூலன்ட் தண்ணீரைக் கொஞ்சம் வாளியில் வடித்துவிட்டு, இரண்டு போல்டைக் கழற்றி தெர்மோஸ்டாட்டின் மூடியைத் தூக்கினாள்.

உள்ளே கதவு சிக்கியிருக்கவில்லை. கதவே இல்லை.

அப்போதுதான் நினைவு வந்தது. இரண்டு கோடைக்கு முன்னால் ஒருநாள் வண்டி மேட்டில் கொதித்தது. ரேடியேட்டர் மூடி கசிகிறது என்று கணவன் புதுமூடி வாங்கப் போனான். அவன் திரும்புவதற்குள் ஸ்டெத்து ஆபரேஷனை முடித்துவிட்டார். தண்ணீர் ஓடுகிற வழியில் எந்த மடையனோ ஒரு அடைப்பானை வைத்திருக்கிறான், பிடுங்கி எறிந்துவிட்டேன் என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். புதுமூடி போட்டபின் வண்டி கொதிக்கவில்லை. புகழ் முழுதும் ஆபரேஷனுக்குப் போனது. கணவனும் பக்கத்தில் நின்று தலையாட்டினான்.

கடைக்குப் போகுமுன், மூடிக்கு அடியில் வைக்க கேஸ்கெட் ஏதாவது கிடக்கிறதா என்று கணவனின் ஸ்பேனர் பெட்டியைக் கிளறினாள். அடியில், துணியில் சுற்றி, ஒரு சின்ன அட்டைப்பெட்டி. உள்ளே புதுத் தெர்மோஸ்டாட், கேஸ்கெட்டோடு. பெட்டி மேல் டேப் ஒட்டி, அவன் கையெழுத்தில் எழுதியிருந்தது: அண்ணன் ஊருக்குப் போகும்போது மாட்டணும்.

அண்ணன் வீடு அடுத்த சுவர். தான் இல்லாவிட்டால் தெரு என்னாகும் என்ற கவலையில், இரண்டு வருடமாக அவர் ஒரு கல்யாணத்துக்குக்கூட வெளியூர் போனதில்லை.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் சிரிப்புதான் வந்தது. கொஞ்ச நேரத்தில் அது சிரிப்பாக இல்லை. பிறகு எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, புத்தகத்தில் இருந்தபடி ஸ்பிரிங் இன்ஜின் பக்கம் இருக்கும்படி வைத்து, போல்டை முடுக்கினாள்.

ஸ்பேனர் சத்தம் கேட்டு ஸ்டெத்து வந்துவிட்டார், கையில் ஸ்க்ரூடிரைவரோடு.

"யாரக் கேட்டு இதத் தொறந்த?"

"புஸ்தகத்தக் கேட்டு, பெரியத்தான்."

"அந்த அடைப்பான மறுபடியும் வெச்சியா? கொதிச்சு இன்ஜின் போயிடும். என் தம்பி இருந்தா இப்படிப் பண்ண விட்டிருப்பானா?"

அவள் காலி அட்டைப்பெட்டியை நீட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிப் படித்தார். நாலு வார்த்தைதான். ஆனாலும் வெகுநேரம் படித்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"இன்ஜின் சொல்றதுக்குத்தான் நீங்க காது குடுப்பீங்க, பெரியத்தான். அவரு இன்ஜின் இல்லையே."

ஸ்டெத்து பெட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். அன்று முழுதும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஆலோசனை எதுவும் வரவில்லை.

வடித்த கூலன்டை ஊற்றிக் கிளப்பினாள். மேல் ஹோஸ் ஆறியே இருந்தது. பொய் சொல்லும் முள் மெல்ல ஏறி, நடுவுக்கு வந்து, பசை போட்டதுபோல நின்றது. பிறகு மேல் ஹோஸ் திடீரென்று கையைச் சுட்டது. கேபினில் கால் வைத்தால் சூளைபோல இருந்தது.

திங்கள் காலை சலவைக்கூட வாசலுக்கு மேற்பார்வையாளரம்மா வருவதற்கு முன்பே ஸ்டெத்து வந்து நின்றார். ஒரு ராத்திரியில் தேறிவிட்டிருந்தார். வெள்ளிக்கிழமையிலிருந்து தான் பட்ட பாட்டையும், எடுத்த ஏப்பங்களையும் அந்த அம்மாவிடம் விவரித்தார். அம்மா கேபினுக்குள் ஏறி உட்கார்ந்து, துளி மங்கல் இல்லாத கண்ணாடியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எல்லாம் இவர் செய்ததுதானா என்று அவளிடம் கேட்டார்.

"ஆமாம்மா. ரெண்டு வருஷம் முன்னாடியே ஆரம்பிச்சிட்டாரு," என்றாள்.

ஸ்டெத்து ஸ்க்ரூடிரைவரைச் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டார். அந்த அம்மா, வேலை அவளுக்குத்தான் என்று சொல்லிச் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மேட்டைத் தாண்டி இறங்கும்போது காற்று இன்னும் சூடாகவே வந்தது. அவள் சால்வையைக் கழற்றிப் பக்கத்தில் போட்டாள். இரண்டு குளிர்காலம் இதே சரிவில் கணவன் வெடவெடத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறான். வீட்டுக்கு வந்தால் விரல்கள் ஐஸாக இருக்கும். ஏன் என்று கேட்டால், கை கழுவினேன் என்பான். அவளும் நம்பிச் சோறு போட்டிருக்கிறாள்.

"வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?" என்று ஆரம்பித்தாள். "அண்ணன்கிட்ட சொல்ல பயம், சரி. எங்கிட்ட சொல்ல என்ன? ஒரு ஞாயித்துக்கெழம, ரெண்டு போல்ட்டு. அவர சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேனே நானு."

சரிவு முடியும்வரை திட்டினாள். பதினாறு வருடக் குடித்தனத்தில், குறுக்கே ஒரு வார்த்தை விழாமல் இவ்வளவு நீளமாக அவனை அவள் திட்டியதில்லை. மருத்துவமனை வாசல் வந்ததும் நிறுத்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மீதியைத் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்கி, பின்கதவைத் திறந்து, விரிப்புகளை இறக்கத் தொடங்கினாள்.