ஊசி போடாத டாக்டரின் கழுத்து

முனைவர் பட்டம் கைக்கு வந்த மறுநாள் காலையில் அவருக்குக் கழுத்து வளையாமல் போனது. வீட்டில் யாரும் பதறவில்லை. இளங்கலை முடித்தபோது இடுப்பு போயிருந்தது, முதுகலை முடித்தபோது முழங்கால் போயிருந்தது. மிச்சம் இருந்தது கழுத்து, அதுவும் முறைப்படி போனது. அந்த ஊரில் படித்தவர் எல்லோருக்கும் இதே கதைதான். "யார் முன்னாடியும் குனியாத அளவுக்குப் படிச்சிடுடா கண்ணு" என்று அம்மாக்கள் சொல்லிச் சொல்லிப் பள்ளிக்கு அனுப்பினார்கள், வாக்கு பலித்துவிட்டது, அவ்வளவுதான். இவருடைய அம்மா ஐந்தாவதோடு நின்றவள். மகன் காம்பஸ் மாதிரி காலை வீசி வீசி நடந்து போவதைப் பார்த்து அவளுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. டாக்டர் என்று கேள்விப்பட்டு அக்கம்பக்கத்தில் நாலு பேர் காய்ச்சலோடு வந்து நின்றார்கள். இது அந்த டாக்டர் இல்லை என்று விளக்கி அனுப்பினார். அன்றிலிருந்து ஊசி போடாத டாக்டர் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

படிப்புக்கேற்ற வேலை வருமென்று மூன்று வருடம் காத்திருந்தார். அது தொழில்கள் படுத்துவிட்ட காலம். கல்லூரிகள் ஆள் எடுப்பதை நிறுத்தின, கம்பெனிகள் இருக்கிற ஆட்களையே வீட்டுக்கு அனுப்பின. போன இடமெல்லாம், "உங்க படிப்புக்கு எங்க கம்பெனி சின்னது சார்" என்று கும்பிட்டு அனுப்பினார்கள். மரியாதையை வைத்து உலை வைக்க முடியுமா? மனைவி ஒற்றைப் பட்டம் வாங்கியவள். இடுப்பு மட்டும்தான் போயிருந்தது, முழங்கால் மடங்கும். அவள் ஜெராக்ஸ் கடையில் மற்றவர்களின் சான்றிதழ்களைப் பிரதி எடுத்து வந்த சம்பளத்தில் வீடு ஓடியது. பகலில் டாக்டரின் கையிலிருந்து விழுந்தது எதுவானாலும் சாயங்காலம் அவள் வரும்வரை தரைக்கே சொந்தம். அவரைப் படுக்கவைத்தால் எழுப்ப இரண்டு ஆள் வேண்டும், ஆகவே சுவரில் சாய்ந்தபடியே தூங்கினார். இந்த நிலையில் அவள் கர்ப்பமானாள். இனி பொறுப்பதற்கில்லை என்று ஒரு நாள் விடிந்ததும் டாக்டர் நாற்சந்திக்குப் போனார்.

கூலிக்கு ஆள் பிடிக்க மேஸ்திரிகள் அங்கேதான் வருவார்கள். போய்ப் பார்த்தால் அவருக்கு முன்பே இரண்டு பட்டத்துக்குக் குறையாத நாற்பது பேர் விறைத்து நிற்கிறார்கள். புதிதாகக் கம்பம் நட்டிருக்கிறார்கள் என்று பஸ்ஸில் போனவர்கள் நினைத்தார்கள். மேஸ்திரி வைத்த பரீட்சை ஒரே கேள்விதான். ஒரு செங்கல்லைத் தரையில் போட்டு, "எடு, பாக்கலாம்" என்பார். நாற்பது பேரும் செங்கல்லை ஆராய்ந்தார்கள், அதன் எடையை மனக்கணக்காகச் சொன்னார்கள், களிமண்ணின் வரலாற்றைச் சொன்னார்கள், எடுக்கத்தான் ஒருவராலும் முடியவில்லை. எட்டாவது படித்தவன் வந்து எடுத்துக்கொண்டு போனான். பிறகு ஒரு குறுக்குவழி தெரியவந்தது. கூலியாட்களுக்குப் பதிவு அலுவலகத்தில் கொடுக்கும் சீட்டில் கல்வித் தகுதி என்று ஒரு கட்டம் உண்டு. அதில் எந்தப் பட்டத்தை அடிக்கிறோமோ அதற்குரிய மூட்டு இளகிவிடும். ஆனால் படித்ததும் தலையை விட்டுப் போய்விடும். பொருளாதாரத்தில் முதுகலை வாங்கிய ஒருவர் எல்லாவற்றையும் அடித்துவிட்டு 'எட்டாவது ஃபெயில்' என்று எழுதினார். மறுநாளே மூட்டை தூக்கினார். விலைவாசி ஏன் ஏறுகிறது என்பது அவருக்கு அடியோடு மறந்துபோய், பத்து வருடத்தில் முதல் தடவையாக நிம்மதியாகத் தூங்கினார்.

டாக்டருக்கு அடிக்க மனம் வரவில்லை. மூன்று பட்டத்தையும் முத்துமுத்தாக எழுதிக் கொடுத்துவிட்டு மற்றவர்களோடு நின்றார். ஐந்தாம் நாள் மேஸ்திரியின் தூக்குக்குண்டு தொலைந்தது. சுவர் நேராக எழும்புகிறதா என்று பார்க்கக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவார்களே, அந்த இரும்புக் குண்டு. எவன் எடுத்தானோ என்று ஊரையே திட்டிக்கொண்டு வந்த மேஸ்திரி, டாக்டரைப் பார்த்ததும் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அவரை உச்சி முதல் பாதம் வரை அளந்தார்.

"சார், நம்ம சைட்ல வந்து சும்மா நிப்பீங்களா?"

"நின்னா?"

"நின்னாப் போதும் சார். மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்."

அன்று முதல் கொத்தனார்கள் டாக்டரை நிறுத்தி, அவரை ஒட்டியே செங்கல் அடுக்கினார்கள். மாடிச் சுவர் என்றால் கயிறு கட்டி மேலே ஏற்றினார்கள். அவர் நின்று எழுப்பிய சுவர்களில் நூல் பிசகவில்லை. பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் அவரைக் கேட்டு ஆள் வந்தது. வருமானம் வந்தது, அரிசி வந்தது, மகளும் பிறந்தாள்.

கைக்குழந்தையாக இருந்தவரை மனைவி தூக்கிக் காட்டுவாள், அவரும் பார்ப்பார். தவழத் தொடங்கியதும் வந்தது வினை. அந்தக் குழந்தைக்கு உயரம் என்றால் பயம். தூக்கினால் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஊரைக் கூட்டும். ஆக, அவள் தரையில் வளர்ந்தாள், அவர் மேலே இருந்தார். அவரது கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் எதிர்ச்சுவர்தான். ஒன்றரை வயதில், அப்பா எங்கே என்று யாராவது கேட்டால் ஓடிவந்து அவருடைய இரண்டு முழங்கால்களையும் தட்டிக் காட்டுவாள். முழங்கால்களுக்கு முத்தம் கொடுப்பாள். ஒரு நாள் சாயங்காலம், தான் பாதி தின்ற பிஸ்கட்டை இடது முழங்காலுக்கு ஊட்டிவிட்டு, "அப்பா, ஆ!" என்றாள். காற்சட்டையில் ஈரம் பட்டது டாக்டருக்குத் தெரிந்தது. குனிந்து பார்க்கத்தான் முடியவில்லை. நின்ற இடத்திலேயே விம்மி விம்மி அழுதார். தாடையிலிருந்து சொட்டித் தன் உச்சந்தலையில் விழுந்த கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "மழை" என்றாள் மகள்.

அன்று மனைவியிடம் சொன்னார், எல்லாவற்றையும் அடித்துவிடப் போகிறேன் என்று.

"அவசரப்பட்டு எல்லாத்தையும் அடிச்சுட்டு வந்துடாதீங்க. இடுப்பும் முட்டியும்தான் நமக்குச் சோறு போடுது. கழுத்தை மட்டும் அடிங்க, போதும்."

"அஞ்சு வருஷப் படிப்பு, தெரியுமில்ல?"

"தெரியும். பொண்ணு மூஞ்சிய எத்தனை நாள் பாத்தீங்க, அதைச் சொல்லுங்க."

கழுத்தை மட்டும் அடிப்பது என்று முடிவானது. மேஸ்திரி கெஞ்சிப் பார்த்தார். கழுத்து வளைந்தால் சுவரும் வளையும், பிறகு யாரும் கூப்பிட மாட்டார்கள், பிழைப்பில் மண் விழும் என்றார். அம்மாவோ, "என் வாக்கைப் பொய்யாக்கப் போறியாடா?" என்று கேட்டாள். டாக்டர் போய்த்தான் தீருவேன் என்று போனார். பதிவு அலுவலகத்தில் குமாஸ்தா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "படிப்பைச் சேக்கறதுக்குத்தான் அத்தாட்சி வேணும். எடுக்கறதுக்கு ஒண்ணும் வேணாம்" என்று பேனாவை நீட்டினார். முனைவர் என்ற சொல்லின் மேல் ஒரு கோடு விழுந்ததும் கழுத்தில் சடக்கென்று சத்தம் கேட்டது. எறும்புகள் ஏன் வரிசை தவறுவதில்லை என்பது பற்றிய அறுநூறு பக்கமும் அந்த நொடியே காலி. ஆராய்ச்சி முடிந்த நாளிலிருந்து அவர் ஓர் எறும்பைக்கூடப் பார்த்திருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். படியிறங்கும்போது காலடியில் ஒரு வரிசை போனது. என்ன அதிசயமடா இது என்று கால்மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

மேஸ்திரி சொன்னது பலித்தது. அதற்கப்புறம் எழுப்பிய சுவர்கள் எல்லாம் கழுத்து உயரம்வரை நூல் பிடித்தாற்போல் வந்து, அதற்கு மேல் இரண்டு விரற்கடை முன்னால் சாய்ந்தன. இடித்துக் கட்டியும் அதே சாய்வு. ஒரு வாரம் வேலை இல்லாமல் வீட்டில் நின்றார். எட்டாம் நாள் ஒரு வீட்டுக்காரர் வந்து, தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்கும் சுவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் யாரோ கதை கேட்பது போல இருக்கிறது, தனக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்றார். இப்போது அங்கே சுவர் என்றால் அதுதான் சுவர்.

இனி மகள் விஷயம். அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு வந்து, கதவைத் திறந்து, டாக்டர் மெல்லத் தலையைக் குனிந்தார். தரையில் உட்கார்ந்திருந்தவள் அண்ணாந்து பார்த்தாள். மேலேயிருந்து ஒரு முகம் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறது. வீல் என்று அலறி எழுந்து ஓடிவந்தாள், அவருடைய முழங்கால்களைக் கட்டிக்கொண்டாள். மேலே யாரோ ஒரு ஆள் இருக்கிறான் என்று முழங்கால்களிடம் அழுது அழுது புகார் சொன்னாள். அவர் அவளுடைய உச்சந்தலையையே பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே இரட்டைச் சுழி இருந்தது, அவருக்கு அதுவரை தெரியாது. அந்த முகத்தோடு ராசியாக அவளுக்குப் பத்து நாள் ஆனது. இன்றைக்கும் கேட்டுப் பாருங்கள், கீழே ஒரு அப்பா, மேலே ஒரு அப்பா, தனக்கு மொத்தம் இரண்டு அப்பா என்றுதான் சொல்வாள். வீட்டில் யாரும் அதைத் திருத்துவதில்லை. சாப்பிடும் நேரத்தில் இரண்டு பேரையும் கூப்பிடுகிறார்கள்.