மழை மோந்த மூக்கு

எம்.ரெட்டியபட்டி மாரீஸ்வரனுக்குச் சொத்து என்று இருந்தது மூக்கு ஒன்றுதான். தூத்துக்குடிப் பக்கம் மேகம் கிளம்பினால் இங்கே அது விடைக்கும். அவன் மழை வருது என்று சொன்னால் ஊரே காய்ந்த புழுதியில் விதை போட்டுவிடும். விதைத்தவர்கள் நனையாமல் வீடு திரும்பியதில்லை. அந்த மூக்கை நம்பித்தான் மாமன் இருளப்பசாமி மகள் ரேணுகாதேவியைத் தருவதாக இருந்தார். இந்தப் புரட்டாசியில் பருத்திக்குச் சரியாக மழை சொன்னால் ஐப்பசியில் பரிசம். தப்பினால் பாலவனத்தத்தில் ஒரு சர்வேயர் மாப்பிள்ளை தயாராக இருந்தான்.

கெடுத்தது பந்தல்குடியில் பழக்கமான லாரி கிளீனர். பேனா மாதிரி, பேட்டரியில் புகை விடுகிற வேப் சிகரெட் ஒன்றைக் கையில் கொடுத்தான். ஸ்ட்ராபெரி வாசம். மாரீஸ்வரன் அதை வாயால் இழுத்து மூக்கால் விடுவான். அவன் நிற்கிற ஸ்டாப்புக்குப் பட்டப்பகலில் பஸ்ஸு லைட் போட்டுத்தான் வந்தது.

கொஞ்ச நாளில் மூக்குக்குள் காந்தல், பொருக்கு, ரத்தம். கடைசியில் வாசனையும் போனது. கருவாட்டுக் குழம்புக்கு மேல் குனிந்து பாயசமா என்று கேட்டான்.

அருப்புக்கோட்டை டாக்டரம்மா லைட் அடித்துப் பார்த்தார். மூக்குக்குள் எப்போதும் ஈரமாக மெல்லிய தோல் ஒன்று இருக்குமாம். அதிலுள்ள பொடி மயிர்கள் தூசியைத் தள்ளிக்கொண்டே இருக்குமாம். வேப்புப் புகை இரண்டையும் வறட்டிவிட்டது. சித்திரை மாதத்துக் கண்மாய் போல உள்ளே பாளம் பாளமாக வெடிப்பு. ஒரு வெடிப்புக்குள் ஓணான் ஓடியதை நர்ஸ் பார்த்தாள். டாக்டரம்மா பார்க்கவில்லை, அதனால் சீட்டில் ஏறவில்லை. உப்புத்தண்ணிச் சொட்டு மருந்து கொடுத்து, வேப்பை விட்டால் மெல்லச் சரியாகும் என்றார்.

மெல்ல என்பதற்கு நேரமில்லை. மறுநாள் காலை மாமன் விதையோடு பருத்திக்காட்டில் நின்றார், பின்னால் ஊரும் நின்றது. வருகிற வழியிலேயே மாரீஸ்வரன் மருந்து முழுவதையும் மூக்கில் கவிழ்த்துக்கொண்டான்.

கிழக்கே பார்த்து, ஒரு பிடி கரிசல் புழுதியை மோந்து சொல்வது முறை.

"என்ன மாப்ளே, வருதா?" என்றார் மாமன். வாசம் ஒன்றும் தெரியாத மாரீஸ்வரன் பயத்தில் ஆழமாக உறிஞ்சினான். புழுதி பூராவும் உள்ளே போனது.

தும்மினான்.

அரை ஏக்கர் நனைந்தது. மாமன் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டார். மண் வாசனை கிளம்பியதும் மழை இறங்கிட்டு என்று ஊரே விதைக்க ஓடியது.

மழை ஐப்பசி வரை வரவில்லை. விதையை எறும்பு தின்று கொழுத்தது. மாமனின் அரை ஏக்கர் மட்டும் பச்சைப் பசேலென்று நின்றது. அதன் வரப்பில் வைத்து மாரீஸ்வரனை விசாரித்தார்கள்.

"மாமா, அன்னைக்கு மழை இல்ல. என் மூக்குதான்" என்று வேப்பு முதல் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான்.

இருளப்பசாமி செடியைப் பார்த்தார், மூக்கைப் பார்த்தார்.

"மழைய மோந்து சொல்ற மாப்பிள்ளை எங்கேயும் கிடைப்பான்லே. பெய்யுற மாப்பிள்ளைக்கு நான் எங்க போக?"

வேப்பைத் தூக்கி எறிந்தால் சம்மதம் என்றாள் ரேணுகாதேவி. எறிந்தான். பரிசத்தன்று அவள் குடை பிடித்தபடிதான் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.