நின்று போ

பேருந்து நிறுத்தத்தின் கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு போனவர்கள் குழியை மூடவில்லை. மழைத் தண்ணீர் தேங்கியது. யாராவது காலை விட்டுவிடப் போகிறார்கள் என்று தையற்காரி அதில் ஒரு செங்கல்லைப் போட்டு வைத்தாள்.

பேருந்து அதே சாலையில்தான் போனது. நிற்காமல் போனது, அவ்வளவுதான். விரைவுச் சேவை என்று அதற்குப் பெயர். நிறுத்தங்களைக் குறைத்தால் வேகம் கூடும் என்று அலுவலகத்தில் யாரோ கணக்குப் போட்டிருந்தார்கள். அந்தக் கணக்கு தையற்காரியின் கணவனுக்கு ஒத்துவரவில்லை. அவனுக்கு ஒரு கிடங்கில் காவல் வேலை. இடுப்பில் அடிபட்டதிலிருந்து இடது காலை இழுத்துத்தான் நடப்பான். அடுத்த நிறுத்தம் மேட்டின் உச்சியில் இருந்தது. அவன் பாதி மேடு ஏறுவதற்குள் வண்டி அவனைத் தாண்டிப் போய்விடும்.

கிடங்கு மேற்பார்வையாளர் கோபக்காரர் இல்லை. சிரித்த முகத்தோடுதான் சொன்னார்.

"இன்னொரு நாள் லேட்டா வர்றதா இருந்தா, வரவே வேணாம்."

தெருக்காரர்கள் தையற்காரியின் வீட்டு முன்னறையில் கூடினார்கள். அங்கேதான் பெரிய மேசை இருந்தது. மளிகைக்கடைக்காரர் வந்தார். எதிர் வீட்டு நர்ஸ் பணி முடிந்து சீருடையோடு வந்தாள். கமாவும் வந்தார். பத்திரிகை அச்சகத்தில் பிழைதிருத்துபவராக இருந்து ஓய்வு பெற்றவர். பேசும்போதுகூட அங்கங்கே நிறுத்தி மூச்சு விடுவார். கமா என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

போக்குவரத்து அலுவலகத்துக்கு முன்னால் போய் நிற்பது என்று முடிவாயிற்று. நின்றால் கையில் ஏதாவது வேண்டும்.

"ஒரு பேனர் தைச்சிடு தங்கச்சி," என்றார் கடைக்காரர். "சுருக்கமா, நச்சுன்னு."

"என்னன்னு எழுதட்டும்ண்ணே?"

"பஸ்ஸு நிக்கணும். அதத்தானே கேக்குறோம்? பேருந்தை நிறுத்து. முடிஞ்சுது."

பழைய படுக்கை விரிப்பை விரித்தாள். திரைச்சீலையில் மிஞ்சிய சிவப்புத் துணியில் எழுத்துகளை வெட்டி இரண்டு வரியாகத் தைத்தாள். புள்ளி வைக்க வேண்டிய இடங்களில் பெரிய கறுப்புப் பித்தான்கள். கமா கண்ணாடியை மேலேற்றிக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"பிழை ஒண்ணும் இல்ல," என்றார்.

போய் நின்றார்கள். பத்திரிகைக்காரர் ஒருவர் படம் எடுத்துக்கொண்டு போனார். படம் வந்தது. கடைக்காரர் அதை வெட்டிக் கல்லாவுக்கு மேலே ஒட்டினார். அடுத்த வாரம் போக்குவரத்து அதிகாரி அவர்களை வரச் சொன்னார். தையற்காரி பெட்டியிலிருந்த நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு போனாள்.

அதிகாரியின் மேசையிலும் அதே படம் இருந்தது.

"உங்க கோரிக்கையைப் பார்த்தோம்," என்றார் அவர். "வண்டிச் சத்தம், புகை, இதெல்லாம் குடியிருக்கிறவங்களுக்குத் தொந்தரவுதான். அடுத்த மாசத்துல இருந்து வண்டியைப் பின்பக்கச் சாலையில திருப்பி விட்டுடுறோம்."

கடைக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"சார், நாங்க எப்ப சார் திருப்பச் சொன்னோம்?"

"நிறுத்தச் சொல்லியிருக்கீங்களே. கொட்டை எழுத்துல இருக்கு."

"நிக்கச் சொன்னோம் சார்," என்றாள் தையற்காரி.

"இதுல அப்படி இல்லையேம்மா." அதிகாரி படத்தை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தார். அவர் கேலி செய்யவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் படித்திருந்தார். "உத்தரவுல இன்னும் கையெழுத்தாகல. வியாழக்கிழமை காலையில நானே அந்த வண்டியில வர்றேன். அந்தத் தெருவுக்கு வண்டி தேவையா இல்லையான்னு நேர்ல பார்த்துட்டு முடிவு பண்றேன்."

வெளியே வந்ததும் எல்லோரும் கமாவைப் பார்த்தார்கள்.

"என்னை ஏன் பாக்குறீங்க? எழுத்துப்பிழை இருக்கான்னு கேட்டீங்க. இல்லன்னேன். பொருளை, யாரு பாக்கச் சொன்னா?"

"முப்பது வருஷம் இப்படித்தான் பார்த்தீங்களா?" என்றாள் நர்ஸ். "பத்திரிகை படிச்சவங்க பாவம்."

அன்று மாலை கணவன் பேனருக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். நெடுநேரம் பார்த்தான்.

"நல்லாத்தான் தைச்சிருக்க," என்றான். "இருந்த பஸ்ஸையும் ஒழிச்சுக் கட்டுற அளவுக்கு."

"கொழுப்பு."

"என்ன பண்ணப் போற?"

"நீங்க தெனமும் அந்த டிரைவரைப் பார்த்து என்ன கத்துறீங்க?"

"நின்னு போய்யான்னு கத்துறேன். அவனுக்கு எங்க காது கேக்குது?"

அவள் கத்தரிக்கோலை எடுத்தாள். தையலைப் பிரித்தாள். 'நி'யும் 'று'வும் அப்படியே ஆகும். 'பே'க்கு ஒரு கால் வெட்டிச் சேர்த்தால் 'போ'. புதிதாக வேண்டியது ஒரு 'ன்'தான். 'ந்'மேல் இருந்த பித்தானைக் கழற்றி அதன் தலையில் வைத்தாள். ஒரே வரியாகத் தைத்ததும் விரிப்பு ஓரத்துக்கு ஓரம் நிறைந்தது. நின்று போ.

மறுநாள் காலை கமாவை அழைத்து வந்து காட்டினாள். இந்த முறை அவர் சீக்கிரம் தலையாட்டவில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். எட்டிப் போய் நின்று பார்த்தார்.

"ஆபத்தும்மா."

"இதுல என்னங்கய்யா ஆபத்து?"

"எட்டி நின்னு பார்த்தா, சேர்ந்து தெரியுது. நின்றுபோ. அப்படின்னா, ஒழிஞ்சு போன்னு அர்த்தம். மூச்சு நின்றுபோச்சு, வேலை நின்றுபோச்சுன்னு சொல்றோமில்ல? நடுவுல நல்லா இடம் விடணும்."

"விரிப்பு அவ்வளவுதாங்கய்யா. எங்க விடுறது?"

அவள் துணியைத் தடவிப் பார்த்தாள். பிறகு நடுவில் மடித்து ஒரே வெட்டாக வெட்டினாள். கமா கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு துண்டுகளுக்கும் ஓரம் மடித்துத் தைத்தாள்.

வியாழக்கிழமை காலை தெரு முழுவதும் சாலையோரத்தில் நின்றது. ஒரு துண்டைத் தையற்காரியும் கடைக்காரரின் மனைவியும் பிடித்துக்கொண்டார்கள். மற்றதை நர்ஸும் அவள் தம்பியும். நடுவே ஓர் ஆள் நிற்க இடம் விட்டிருந்தார்கள். அந்த இடத்தில் செங்கல் போட்ட குழி இருந்தது. குழிக்குப் பக்கத்தில் கைத்தடியும் சோற்றுத் தூக்குமாக அவள் கணவன் நின்றான்.

அங்கே சாலையைக் கடக்கக் கோடு போட்டிருந்தார்கள். கோட்டில் ஆள் நடந்தால் பேருந்து நின்றுதான் ஆகவேண்டும். அப்படி எத்தனையோ நாள் நின்றிருக்கிறது. கதவுதான் திறந்ததில்லை. உத்தரவு இல்லை என்று ஓட்டுநர் கையை விரிப்பார்.

பேருந்து வளைவில் தெரிந்ததும் கடைக்காரர் சாலையில் இறங்கினார். அவர் அவ்வளவு மெதுவாக நடந்து யாரும் பார்த்ததில்லை. பாதி வழியில் குனிந்து செருப்பைச் சரிசெய்தார்.

"செருப்புக்கு வார் வச்சுத் தைக்கிறாரு," என்றாள் அவர் மனைவி.

பேருந்து நின்றது. கதவு மூடியே இருந்தது. முன் இருக்கையில் அதிகாரி தெரிந்தார். அவர் ஒரு துண்டைப் படித்தார். கண்ணை நகர்த்தி நடுவில் நின்றவனைப் பார்த்தார். அடுத்த துண்டைப் படித்தார். தையற்காரி துணியை இன்னும் இழுத்துப் பிடித்தாள். கடைக்காரர் எதிர்ப்பக்கம் சேர்ந்துவிட்டார். இனி வண்டியை நிறுத்தி வைக்கக் காரணம் இல்லை.

கதவு திறந்தது.

"யார் திறக்கச் சொன்னது?" அதிகாரியின் குரல் வெளியே கேட்டது.

"எழுதியிருக்கே சார்," என்றார் ஓட்டுநர். "ஏறுங்கண்ணே. பார்த்து. கம்பியைப் பிடிச்சுக்குங்க."

கணவன் குழியைச் சுற்றிக்கொண்டு வந்து நல்ல காலை முதலில் வைத்தான். மற்றதைக் கையால் தூக்கி வைத்தான். அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதிகாரி எழுந்தார். அதட்டப் போகிறார் என்றுதான் தையற்காரி நினைத்தாள். அவர் சோற்றுத் தூக்கை வாங்கிக்கொண்டு, தன் இருக்கையைக் காட்டினார். கணவன் உட்கார்ந்தான். சன்னல் வழியாக அவளைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினான். வண்டி கிளம்பியது.

அதிகாரி என்ன முடிவு செய்வாரோ தெரியாது. இன்றைக்கு அவன் நேரத்துக்குப் போய்விடுவான்.

காற்று அடித்தது. நடுவில் ஆள் இல்லாததால் பெண்கள் தம்மை அறியாமல் நெருங்கி வந்தார்கள். துணிகளின் ஓரங்கள் தொட்டுக்கொண்டன.

"சேராதீங்கம்மா!" பின்னாலிருந்து கமா அலறினார். "அடுத்த வண்டி வருது! இடம் விடுங்க!"

அவர்கள் விலகி நின்றார்கள். இடைவெளியில் நிற்க ஆள் இல்லை. கமாவே வந்து நின்றுகொண்டார்.