கொட்டாஞ்சேனையின் கடல்வீரர்

முந்நீர் கடந்த தமிழினத்தின் மூவாயிரம் ஆண்டு வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டிய நாள் அந்த ஞாயிற்றுக்கிழமை. மண்டபம் மட்டும் பதினொன்றரை மணி வரைக்கும்தான் கிடைத்தது. அதற்குப் பிறகு அங்கே ஒரு காது குத்துக் கல்யாணம். ஆகவே கொட்டாஞ்சேனை நலன்புரிச் சங்கத் தலைவர் ராமசுப்பிரமணியன் மூவாயிரம் ஆண்டுகளையும் கடகடவென்று பேசி முடித்து, கண்ணப்பனுக்குப் பொன்னாடை போர்த்தினார்.

கண்ணப்பன் சரக்குக் கப்பலில் பேர்சர். மாலுமிகளின் சம்பளத்தையும் சாப்பாட்டுச் சாமான்களையும் பார்க்கிற உத்தியோகம். திருகோணமலைக்குச் சீமெந்து ஏற்றிப் போன அவருடைய கப்பலை முல்லைத்தீவுக் கடலில் போராளி இயக்கத்தின் படகுகள் வளைத்துப் பிடித்தன. பதினொரு நாள் வைத்திருந்துவிட்டு, செஞ்சிலுவைக்காரர் மூலம் ஆட்களைத் திருப்பி அனுப்பினார்கள். சீமெந்து திரும்பி வரவில்லை.

கொழும்புக்கு வந்து சேர்ந்தபோது கண்ணப்பனின் கதையில் நாலு படகுகள் இருந்தன. செட்டியார் தெரு தாண்டுவதற்குள் எட்டாகி, வெள்ளவத்தைக்குப் போனபோது பதினாறு ஆகிவிட்டிருந்தன. வெள்ளவத்தைக்கு ஏன் அத்தனை படகு என்றால், ரமணியின் வீடு அங்கேதான் இருந்தது.

ரமணி அதே கப்பல் முகவர் கந்தோரில் டைப்பிஸ்ட். கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று கண்ணப்பன் இரண்டு தடவை கேட்டாயிற்று. இரண்டு தடவையும் அவள் "பார்ப்பம்" என்று சொல்லிவிட்டுத் தட்டச்சுப் பொறியின் பக்கம் திரும்பிக்கொண்டாள். மூன்றாவது தடவை இன்று, விழா முடிந்த கையோடு. நாலாவது தடவை கேட்பதில்லை என்று அவர் சத்தியமே செய்திருந்தார். நாற்பத்தொரு வயதில் மனிதனுக்கு அதற்கு மேல் தாங்காது.

"யாருடா கேப்டன்னு துவக்க நீட்டிக் கேட்டாங்க," என்று ஒலிவாங்கியில் முழங்கினார் கண்ணப்பன். "நான் ஒரு எட்டு முன்னால வச்சேன். தம்பிமாரே, சுடுறதுன்னா மொதல்ல என்னையச் சுடுங்கன்னேன்!"

கைதட்டல் கூரையில் இருந்த புறாக்களைக் கிளப்பியது. மூன்றாவது வரிசையில் ரமணி அழைப்பிதழால் விசிறிக்கொண்டிருந்தாள். கொட்டாவி ஒன்றை அவள் விழுங்கியது மேடையில் இருந்து துல்லியமாகத் தெரிந்தது.

அப்போதுதான் தலைவருக்கு ஒரு யோசனை உதித்தது. "அதே கப்பலின் சமையல்காரர், மாளிகாவத்தை ஹமீட் நானாவும் நம் மத்தியில் இருக்கிறார். இரண்டு வார்த்தை பேசும்படி அன்போடு அழைக்கிறேன்."

கண்ணப்பனின் பதினாறு படகுகளும் ஒன்றாக ஆட்டம் காணத் தொடங்கின.

ஹமீட் கள்ளம் கபடம் இல்லாத மனிதர். புகழத்தான் எழுந்தார்.

"கண்ணப்பன் தொர தங்கமான மனுசன். கப்பல்ல அவருக்கு மட்டுந்தான் வெள்ளை யூனிபோம், தோள்ல நாலு தங்கப் பட்டி. பெட்டா கடைத்தெருவுல அவரே குடுத்துத் தைச்சது. கப்டன் பாவம், களிசானும் பெனியனுமா இருந்தாரு. அவனுகள் ஏறினதும் நேரா தொரக்கிட்டத்தான் போனானுகள், நீதானே கப்டன் எண்டு. தொர ஒரே ஓட்டமா என்ட குசினிக்குள்ள வந்து, யூனிபோமக் கழட்டி மா மூட்டைக்குள்ள அமத்திட்டு, என்ட ஏப்ரன எடுத்துக் கட்டிக்கிட்டு, 'நான் குசினிக்காரன், நான் குசினிக்காரன்' எண்டாரு. பொறகு பதினொரு நாளும் குசினிய விட்டு வெளிய வரவே இல்ல. அப்படி ஒரு ஒத்தாச!"

மண்டபம் சிரிப்பில் வெடித்தது. வாசலில் காத்திருந்த காது குத்து வீட்டார்கூட, விஷயம் தெரியாமலே சிரித்தார்கள். பொன்னாடை முகத்தை மூடும் அளவுக்கு அகலமாக இல்லையே என்று கண்ணப்பன் வருந்தினார்.

"பணிவும் வீரத்தின் ஒரு வகையே!" என்று தலைவர் கூவி, கூட்டத்தைத் தேநீருக்குக் கலைத்தார்.

வடைத் தட்டுக்குப் பின்னால் பதுங்கி நின்ற கண்ணப்பனை ரமணி தேடிப் பிடித்தாள்.

"உண்மையே? பதினொரு நாளும் குசினியிலயோ?"

"ஆமாங்க," என்றார், தரையைப் பார்த்து.

"எத்தனை பேருக்குச் சமையல்?"

"நம்மாளுங்க பதினாலு. அவங்க ஒரு இருபது இருக்கும்."

"முப்பத்திநாலு பேருக்கோ!" ரமணியின் முகம் விளக்குப் போட்டதுபோல மலர்ந்தது. "அம்மா செத்துப் பதினெட்டு வருசம். அப்பாக்கும் மூண்டு அண்ணன்மாருக்கும் நான்தான் ஆக்கிக் கொட்டுறன். ஒருத்தர் ஒரு கோப்பை கழுவினதில்லை. கட்டினாலும் இன்னொரு அடுப்புத்தானே எண்டுதான் பேசாமல் இருந்தனான். இதை முன்னமே சொல்லியிருக்கலாமே, மனுசா! படகு, துவக்கு எண்டு என்ர உயிரை வாங்கினீங்கள்."

"அப்ப..."

"வெள்ளிக்கிழமை வந்து அப்பாவோட கதையுங்கோ. சமையல் பாதிக்குப் பாதி. ஓமோ?"

"ஓம்! ஓம்!" என்றார் கண்ணப்பன், 'ஆமா' என்றே பேசும் தன் வீட்டில் யாரும் சொல்லாத அந்தச் சொல்லை.

காது குத்துக்கு வந்த நாதஸ்வரம் சரியாக அந்த நேரம் பிடித்துக்கொண்டது. கண்ணப்பன் பொன்னாடையைக் கழற்றி ஹமீட்டுக்குப் போர்த்திக் கட்டிப்பிடித்தார். ரமணி சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்த ஹமீட் ஏதோ விளக்கம் சொல்ல வாயைத் திறந்தார். கண்ணப்பன் அதில் ஒரு முழு லட்டை வைத்து அடைத்தார்.

அந்தப் பதினொரு நாளும் சமைத்தவர் ஹமீட். கண்ணப்பன் வெங்காயம் உரித்தார்.