ஒற்றைச் சமக்குறி

நிரோசன் எழுதிய முப்பது கோட் வரிகளுக்கு சுல்பிகா பதினொரு குறிப்புப் போட்டாள். இங்கே இடைவெளி கூட, அங்கே அரைப்புள்ளி இல்லை, இந்தப் பெயர் விளங்கவில்லை. எல்லாவற்றையும் அவன் திருத்தி அனுப்பியதும், பார்த்தாயிற்று என்று ஒப்புதல் கொடுத்தாள். மறுநாள் அவளுடைய வரிகளுக்கு அவன் பன்னிரண்டு போட்டான். கல்முனையில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்தச் சின்ன நிறுவனத்தில் இணையத்தளங்களுக்கு கோட் எழுதுகிறவர்கள் அவர்கள் இருவர்தான். நேரே கதைத்தால் அக்கா, தம்பி. குறிப்புகளில்தான் கடி.

எட்டு மாதத்தில் முதலாளி ஜெஸீமுக்கு அலுத்துவிட்டது.

"இனி புள்ளிக்கும் இடவெளிக்கும் ரெண்டு பேரும் சண்ட புடிக்க வேணா. அத மெஷின் பாக்கட்டும்" என்று சொல்லி, கோட் வரிகளைத் தானாகப் பரிசோதிக்கும் மென்பொருள் ஒன்றைப் போட்டுவிட்டார்.

முதல் ஓட்டத்திலேயே ஆயிரத்துச் சொச்சம் பிழைகள். பாதி அவளுடையவை. சுல்பிகாவுக்கு முகம் சுட்டது. ஆனால் அந்த மென்பொருளுக்கு யார் எழுதியது என்ற கவலையே இல்லை என்பது கொஞ்ச நேரத்தில் ஒரு ஆறுதலாகவும் இருந்தது. ஒரு கட்டளை கொடுத்ததும் இடைவெளியும் அரைப்புள்ளியும் தாமாகவே சரியாகின. மென்பொருளால் திருத்த முடியாத ஒன்பது மட்டும் மிஞ்சின. அவள் ஒவ்வொன்றாகத் திறந்தாள்.

ஏழாவது, புதன்கிழமை விவசாயிகளுக்குத் திறக்கவிருந்த, எந்த வாய்க்காலுக்கு எந்த நாளில் தண்ணீர் என்று காட்டும் முறைப் பக்கத்தில் இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மூன்று சமக்குறி போடவேண்டிய இடத்தில் ஒன்று. மூன்று போட்டால் 'இந்த வாய்க்காலின் முறை இன்றா?' என்று கேட்கும். ஒன்று போட்டால் கேட்காது. இன்றுதான் என்று ஆக்கிவிடும். யார் தங்கள் வாய்க்காலின் பெயரைத் தட்டினாலும் 'இன்று உங்கள் முறை' என்றே காட்டும். சோதித்த அன்று அவர்கள் முறையுள்ள வாய்க்காலை மட்டும்தான் தட்டிப் பார்த்திருந்தார்கள். மழையில்லாத சிறுபோகப் பயிர்க்காலம், குளத்தில் தண்ணீர் மட்டு. ஐந்து வாய்க்கால்காரரும் ஒரே காலையில் மண்வெட்டியோடு மதகடியில் நிற்பார்கள்.

நிரோசனுடைய வரி. அதன் கீழே அவளுடைய பழைய குறிப்பு: 'சமக்குறிக்கு இரண்டு பக்கமும் இடைவெளி விடவும்.' அவன் விட்டிருந்தான்.

சத்தமில்லாமல் திருத்திவிடலாம். ஜெஸீமிடம் காட்டவும் செய்யலாம். அவள் நிரோசனின் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, இஞ்ச கொஞ்சம் வாங்க."

பார்த்ததும் நிரோசனின் முகம் வாடியது. "ஐயோ அக்கா, இது என்ட பிழை. ஜெஸீம் சேரிட்ட நானே சொல்லுறன்."

"ஒங்கட பிழ மட்டுமில்ல. நானும் பாத்த வரிதான். பக்கத்தில இடவெளி விடச் சொன்னன். சமக்குறியப் பாக்கல்ல."

அவன் தலையைச் சொறிந்தான். "உண்மையச் சொன்னா, உங்கட குறிப்புக்கு நான் கோவத்திலதான் திருத்திறனான். என்ன எழுதியிருக்கிறன் எண்டு திரும்பி வாசிக்கிறதே இல்ல."

"நானும்தான்" என்று சுல்பிகா சிரித்துவிட்டாள்.

அவன் தன் கதிரையை அவளுடைய மேசைக்கு இழுத்துவந்தான். அந்த இடத்தில் மூன்று சமக்குறி போட்டுவிட்டு, ஐந்து வாய்க்காலையும் ஏழு நாளுக்கும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார்கள். பிறகு இருவருமாகப் போய் ஜெஸீமிடம் சொன்னார்கள். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "புதன் திறக்கலாமா?" என்று மட்டும் கேட்டார்.

"ஓம்" என்றார்கள் இருவரும்.

புதன்கிழமை காலை வயலில் தண்ணீரைப் பார்க்கும் வட்டவிதானை ஆதம்பாவா அழைத்தார். சுல்பிகா ஃபோனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"புள்ள, ரெண்டாம் வாய்க்கால் ஆக்கள் மட்டும்தான் வந்திரிக்காங்க."

"இண்டைக்கி அவங்கட முறதானே?"

"சரிதான், சரிதான். இந்தா, மதகுப் பலகையத் தூக்கிறாங்க. கேளுங்க."

மரம் கல்லில் உரசும் சத்தம் வந்தது. யாரோ "இன்னம் கொஞ்சம்" என்று கத்தினார்கள். பிறகு தண்ணீர் விழத் தொடங்கியது. நிரோசன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு, மேசையில் கிடந்த ஃபோனுக்குக் கிட்டக் குனிந்தான்.