மானேஜரின் ரத்த அழுத்தம்

என் தங்கை கமலம்மாவின் மகன் கிரண்குமாருக்குத் திருப்பதியில், ஒரு பெரிய ஓட்டலில், சிரிக்கிற உத்தியோகம். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அதே ஓட்டலில் ஆறு வருடம் ஏசி மெக்கானிக்காக மொட்டைமாடியில் சந்தோஷமாக இருந்த பையன் அவன். தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றும் பேசுகிறானே என்று மானேஜர் சுரேஷ்பாபுவின் கண்ணில் பட்டுத் தொலைத்தான். கையிலிருந்த ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டு, கறுப்புக் கோட்டு ஒன்றை மாட்டி வரவேற்பறையில் நிறுத்திவிட்டார்கள். 'விருந்தினர் மகிழ்ச்சி அதிகாரி'யாம்.

அதிகாரிக்கு வேலை என்னவென்றால், குழாயில் வெந்நீர் வரவில்லை என்று மொட்டைத் தலையோடு இறங்கி வந்து திட்டுகிறவர்களைப் பார்த்துப் பல் தெரியச் சிரிப்பது. பிறகு வெந்நீர் வருமா? வராது. அதைப் பழுது பார்க்கச் செலவாகும். சிரிப்புக்குச் செலவே இல்லை.

தினமும் காலையில் மகிழ்ச்சிக் கூட்டம் வேறு. சமையலறைக்குப் பின்னால் வட்டமாக நின்று கைதட்டி, "என் வேலை எனக்குப் பிடிக்கும்" என்று எல்லோரும் கத்த வேண்டும். சத்தம் போதவில்லை என்றால் மறுபடியும். அந்தக் கூச்சலுக்கு ரேணிகுண்டாவில் இறங்க வேண்டிய விமானமே பயந்து சென்னைக்குத் திரும்பிப் போயிருக்கும்.

ஒரு வருடம் ஆகவில்லை, பையன் வரவேற்பறையிலேயே மயங்கி விழுந்தான். விழும்போதுகூடச் சிரித்துக்கொண்டுதான் விழுந்தான் என்று ஊரில் ஒரு பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பியது நான்தான். புத்தூர் டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, "இது உங்க மாமா வயசுக்கு வரவேண்டிய பிபி. மாத்திரை தர்றேன். ஆனா அந்த வேலைய மாத்து" என்றார். மாமா என்றால் நான். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். என்னுடைய பிபியோ கன்றுக்குட்டியினுடையது போல இருக்கும்.

கிரண்குமாருக்கு ஒரே ஆசை. சித்தூரில் வேணு என்பவரின் ஏசி ரிப்பேர் கடையில் ஆள் கேட்கிறார்கள், அங்கே போய்விட வேண்டும். சம்பளம் குறைவு, கோட்டு கிடையாது. கோட்டு கிடையாது என்பதில்தான் அவன் அப்பன் வீராசாமி குறுக்கே விழுந்து படுத்துக்கொண்டான். வாழ்நாளெல்லாம் அடுத்தவன் நிலத்தில் கரும்பு வெட்டியவன். கோட்டுப் போட்ட மகனின் போட்டோவை எங்கள் ஊர் கார்வேட்டிநகரம் முழுக்கக் காட்டி, காட்ட ஆள் தீர்ந்துபோய், டிக்கெட் எடுத்துப் புத்தூர் போய்க் காட்டிவிட்டு வந்தவன்.

"மறுபடியும் கிரீஸ் தொடைக்கப் போறியாடா?"

"நைனா, அங்க நின்னா செத்துடுவேன்."

"சிரிச்சிக்கினு நிக்கறதுக்கு எவன்டா சாவறான்?"

"நீ ஒரு நாள் நின்னு பாரு."

"எனக்குக் கோட்டு குடுத்தா நிக்கறேன்" என்றான் வீராசாமி. அவன் நிஜமாகவே நின்றிருப்பான்.

நாலு நாளாகப் பையன் வேலைக்குப் போகாமல் ஊருக்கு வந்து வீட்டிலேயே கிடந்தான். ஐந்தாம் நாள் மத்தியானம், வீட்டு வாசலில் கீச்சென்று கத்திக்கொண்டு ஒரு கார் வந்து நின்றது. சுரேஷ்பாபுவே நேரில் வந்துவிட்டார். கோடை லீவுக் கூட்டம் தொடங்கிவிட்டது, திட்டு வாங்க ஆள் இல்லை. கையில் ஒரு பழக்கூடை. ஓட்டலில் யாரோ தின்னாமல் விட்டுப்போனது என்பது அந்த வாழைப்பழங்களின் முகத்திலேயே தெரிந்தது.

"அப்பப்பா, கார்ல ஏசியே பட்டல, கூலிங்கே இல்ல" என்று கழுத்தைத் துடைத்தபடி உட்கார்ந்தார். நாலு நாளாகத் தலை நிமிராத கிரண்குமார், அந்தக் கீச்சுச் சத்தத்துக்கு மட்டும் நிமிர்ந்து காரைப் பார்த்தான். மானேஜரின் முகம் தெரிந்ததும் மறுபடி குனிந்துகொண்டான்.

நான் வந்தவர்களை வெறுமனே அனுப்புகிறவன் அல்ல. ஓய்வு பெற்றதும் வாங்கிய பிபி மிஷினை எடுத்துவந்து பையன் கையில் பட்டையைச் சுற்றினேன். காலையில் சாதாரணமாக இருந்தது இப்போது நூற்று அறுபத்தெட்டு. மிஷினே மூச்சு வாங்கியது.

"பாரு மாப்ளே, இவர் வந்து உக்காந்ததுக்கே இது" என்றேன் வீராசாமியிடம்.

சுரேஷ்பாபு சிரித்தார். அழகான சிரிப்பு, ஒரு பைசாவுக்குப் பெறாது. "சூடண்டி வீராசாமிகாரு, இங்க பாருங்க, தப்பு வேலையில இல்ல, மனசுல இருக்கு. வேலைய ஆசையா செய்யறவனுக்கு நோயே வராது. நான் இல்லையா? எனக்கு வயசு ஐம்பத்தி நாலு. மாத்திரை ஒண்ணு துன்னது இல்ல. பாருங்க" என்று கையை நீட்டினார்.

எனக்கு வாயெல்லாம் எச்சில் ஊறியது. நூற்றெண்பது வரும், இருநூறு வரும், பட்டை கிழியும் என்று ஆசையாகச் சுற்றினேன்.

நூற்றுப் பதினெட்டு.

மறுபடியும் சுற்றினேன். அதேதான். பச்சைக் குழந்தையின் ரத்தம். வீராசாமி என்னை ஏளனமாகப் பார்த்தான். அவன் பக்கம் ஜெயித்துவிட்டது. பையன் முகத்தில் ஈயாடவில்லை.

வீராசாமி கைகட்டி நின்று, மரியாதையாகக் கேட்டான்: "அப்படி இன்னா வேலை சார் நீங்க செய்யறது?"

கேட்டதுதான் தாமதம், மனிதர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "அறுபது பேரை சிரிக்க வைக்கறேன். சும்மா இல்ல. எவன் மூஞ்சி தூக்கறானோ அவன் போட்டோவ சாப்பாட்டு ஹால்ல மாட்டுவேன், அழுமூஞ்சி ஆஃப் த வீக்குனு. மத்தியானம் சாப்பிட விடாம கண்ணாடி முன்னால நிக்கவச்சி சிரிச்சி பழகுன்னுவேன். உங்க பையன் போட்டோதான் போன மாசம் பூரா. இவன் நிப்பான், கண்ணுல தண்ணி வரும், ஆனா பல்லு தெரியும். அதுதாங்க டிரெய்னிங்."

சொல்லச் சொல்ல அவர் முகத்தில் ஒரு சாந்தம் இறங்கியது பாருங்கள், கர்ப்பக்கிரகத்துக்கு எதிரே நிற்கிறவனுக்குக்கூட வராது. பட்டை அவர் கையிலேயே இருந்தது. பட்டனை இன்னொரு தரம் அழுத்தினேன்.

நூற்றுப் பன்னிரண்டு.

"கொறஞ்சிக்கினு போவுது மாப்ளே" என்றேன். "இன்னும் நாலு பேர அழவச்ச கதைய சொன்னாருன்னா தூங்கியே பூடுவாரு."

வீராசாமி மிஷினைப் பார்த்தான். மகனைப் பார்த்தான். "சாப்பிட உடாமயா?" என்று கேட்டான்.

"டிரெய்னிங்குங்க."

"ஏன்டா, டெய்லி போன்ல துன்னியான்னு கேப்பேனே. துன்னேன்னுதானே சொன்ன?"

உள்ளே கமலம்மா பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றுபோயிற்று.

வீராசாமி எழுந்து உள்ளே போனான். கொடியில் தொங்கிய கோட்டை எடுத்துவந்தான். குழந்தையைத் துணியில் சுற்றுவது போல மடித்து, பழக்கூடையின் மேல் வைத்து, கூடையோடு மானேஜரின் மடியில் வைத்தான்.

"உங்களுக்கு ஒடம்பு நல்லா இருக்குது சார். எம்புள்ளய துன்னு நல்லா இருக்குது. எத்துக்கினு போங்க."

"ஏமய்யா, சம்பளம் கூட்டித் தரேன்..."

"பழத்தையும் எத்துக்கினு போங்க. இங்க மாடு இல்ல."

சுரேஷ்பாபு எழுந்து போனார். ஏற்கெனவே சொன்ன சிரிப்பு அப்போதும் முகத்திலேயே இருந்தது. இவ்வளவுக்குப் பிறகும் அவர் பிபி ஏறியிருக்காது என்பதுதான் என் வயிற்றெரிச்சல். கார் கிளம்பியது, கீச்சென்று கத்திக்கொண்டே திரும்பியது.

கிரண்குமார் வாசலுக்கு வந்துவிட்டான். தலையைச் சாய்த்து அந்தக் கீச்சுச் சத்தத்தைக் கேட்டான். கண்ணில் பழைய வெளிச்சம்.

"பெல்ட்டு லூசு நைனா. அதான் ஏசி பிடிக்கல. ரெண்டு நிமிஷ வேலை. கூப்பிட்டுச் சொல்லட்டுமா?"

வீராசாமி மகனின் தோளைப் பிடித்து உள்ளே தள்ளினான்.

"வேணாம். திருப்பதி வரைக்கும் வேர்த்துக்கினு போவட்டும். நீ வந்து சோறு துன்னு."