கோதுமைக்கு வந்த அம்மன்

வெள்ளானூரில் கோதுமை விளையும் என்று நம்பிய ஒரே மனிதன் உத்தமன். பட்டாளத்தில் இருந்தபோது பஞ்சாபில் பார்த்த வயல்கள், ஓய்வு பெற்று ஊர் திரும்பிய பிறகும் அவன் கண்ணை விட்டுப் போகவில்லை. வீராசாமியின் அரை ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்தான். சுற்றிலும் வயல்களில் மனைக்கற்கள் முளைத்துக்கொண்டிருந்த எண்பத்தேழாம் வருஷம் அது.

"மாசிக்குள்ள மூட்டை கட்டிக் காட்டு நைனா, நெலம் உங்கிட்டயே இருக்கட்டும்," என்றார் வீராசாமி. "இல்லாங்காட்டி பிளாட்டு போட்டு வித்துருவேன். அப்பால என்னாண்ட வந்து அழுவாத."

மார்கழிப் பனியில் பயிர் இடுப்பளவு நின்றது. காற்று வந்தால் வயல் முழுவதும் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிமிரும். ஆவடி பட்டாளக் குவார்ட்டர்ஸிலிருந்து சைக்கிளில் வந்து பார்த்துவிட்டுப் போனவர்களும் உண்டு.

தை பிறந்ததும் கிழக்கு மூலையில் இலைகள்மீது கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. தொட்டான். விரலெல்லாம் செந்தூரம்போல் பொடி. துரு நோய். காற்றில் பறந்து போய் அடுத்த பயிரில் உட்காரும். அன்றைக்கே அந்த மூலையைப் பிடுங்கி எரித்து, மற்றதற்குக் கந்தகத்தூள் தூவினால் ஒருவேளை தப்பலாம்.

"அந்த மூலையை யாரும் தொடக் கூடாது," என்று மனைவி பஞ்சவர்ணத்திடம் சொல்லிவிட்டுப் பூந்தமல்லிக்குச் சைக்கிளை மிதித்தான். ஏன் என்று விளக்க அவனுக்குப் பொறுமை இல்லை.

தூளோடு திரும்பியபோது வரப்பெங்கும் ஜனம். மூலையில் ஒரு கல்லை நட்டு, வேப்பிலை செருகியிருந்தார்கள். பெண்கள் இலைகளைத் தட்டித் தட்டிப் பொடியைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு, பயிருக்குள்ளேயே நடந்து போனார்கள்.

"தொடக் கூடாதுன்னு நீ சொன்னப்பவே எனக்குப் பட்டுச்சு," என்றாள் பஞ்சவர்ணம். நெற்றி நிறைய அந்தப் பொடி. "குங்குமமா கொட்டுது. ஆத்தா வந்துகீறா."

"நோவுடி அது. பயிருக்கு வந்த நோவு."

"அம்மைகூட நோவுதான். அதை யாரு அனுப்புறா?"

உத்தமன் பயிரைப் பிடுங்கக் குனிந்தான். வீராசாமி வந்து அவன் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப் போனார்.

"கையை வச்சே, ஊரு உன் தோலை உரிச்சிரும். கோயிலாண்ட மனைன்னா இன்னா வெலை போவும், தெரியுமா? நேத்து வரைக்கும் இந்தப் பக்கம் ஒருத்தன் திரும்பிப் பாக்கல."

"மாசி வரைக்கும்னு சொன்னியே."

"வச்சிக்கயேன். நானா வேணான்றேன்?"

மறுநாள் அவன் மேற்குப் பக்கம் கந்தகம் தூவினான். ஆத்தா மஞ்சளும் கொடுத்துவிட்டாள் என்று அதையும் வழித்துக்கொண்டு போனார்கள்.

மாசியில் ஒரு கதிரைக் கசக்கி ஊதினான். உமி பறந்தது. உள்ளங்கையில் மிஞ்சியவை சீரகம்போல் சூம்பிக் கிடந்தன. அடுத்த கதிரும் அப்படித்தான். பக்கத்தில் வீராசாமியின் ஆட்கள் சங்கிலி பிடித்து மனை அளந்துகொண்டிருந்தார்கள்.

கரையான்சாவடியிலிருந்து ஒரு பெண், காய்ச்சல்காரப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள்.

"அண்ணாத்தே, மூலையில குங்குமம் தீந்துபோச்சாமே. வேற எங்கனா கெடைக்குமா?"

உத்தமன் வயலை ஒருமுறை பார்த்தான்.

"எங்க வேணா எடுத்துக்கோம்மா. எல்லா எடத்துலயும் கீது."